சர்வேயில் கட்டமைப்புக் குறை வந்தபின் வீட்டை விற்றவர்கள் உண்டா? (லண்டன்)

ஈஸ்ட்ஹாம்காரன்

லண்டனில் பழைய டெரஸ் வீட்டை (வரிசையாக ஒட்டிக் கட்டியது) விற்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எங்களுடையது 1900-களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. விலை பேசி முடித்தாயிற்று, வாங்குபவர் லெவல் 3 சர்வே (வீட்டின் நிலையை விரிவாகப் பார்க்கும் ஆய்வு) எடுத்தார். அதுவரை தேனாகப் பேசிய எஸ்டேட் ஏஜென்ட், அறிக்கை வந்த அன்று போனில், "ஸ்ட்ரக்சுரல் பிரச்சினை இருக்காம், 30,000 பவுண்ட் குறைக்கச் சொல்றாங்க" என்றார்.

அறிக்கை, காசு கொடுத்து எடுத்தவருக்குச் சொந்தம். விற்பவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அதை வைத்து விலையைக் குறைக்கக் கேட்கிறார்கள் என்றால், சம்பந்தப்பட்ட பக்கங்களையாவது அனுப்பச் சொல்லலாம். நான் கேட்டேன், அனுப்பினார்கள். இரண்டு இடத்தில் சிவப்பு '3', அதாவது மோசமான தரம், போட்டிருந்தது. ஒன்று, முன்பக்க பே ஜன்னலுக்கு (சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல்) மேலே விரிசல். இன்னொன்று, கீழ்த்தளத்தில் சிம்னி பிரெஸ்டை (அறைக்குள் துருத்தி நிற்கும் புகைபோக்கிச் செங்கல் பகுதி) யாரோ இடித்திருக்கிறார்கள், மாடியில் மிச்சம் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் கீழே ஒரே வரிதான்: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பார்க்கவும்.

30,000 என்ற எண் அறிக்கையில் எங்கேயும் இல்லை! சர்வேயர் பொருத்திய கார்ப்பெட்டைப் பெயர்க்க மாட்டார், சுவரைத் தோண்ட மாட்டார். கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துச் சந்தேகத்தை எழுதி வைப்பார், அவர் வேலை அவ்வளவுதான். தொகை, பயந்துபோன வாங்குபவர் குத்துமதிப்பாகப் போட்டது. அதனால் பேரத்தில் இறங்காமல் நானே ஒரு சார்ட்டர்ட் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தேன். செலவு சில நூறு பவுண்ட்.

பே ஜன்னல் விஷயம் பலருக்கும் வரும், அதனால் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் காலத்து வீடுகளில் பழைய மரச்சட்ட ஜன்னல்கள் சும்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மேலே இருக்கும் சுவர், கூரை பாரத்தில் ஒரு பங்கை அந்தச் சட்டங்களும் மூலைக் கம்பங்களும் தாங்கின. பிற்பாடு பிளாஸ்டிக் ஜன்னல் மாற்றியவர்கள் மரத்தைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் கம்பம் வைக்காமல் பொருத்திவிட்டால், மேல்பகுதி மெல்ல அமர்ந்துவிடும். போதாததற்கு, பே பகுதியின் அஸ்திவாரம் பிரதான சுவருடையதைவிட ஆழம் குறைவாகவே இருக்கும். இன்ஜினியர் அளந்தபோது விரிசல் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பிரிட்டனில் விரிசலை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 5 மி.மீ. வரை இரண்டாம் வகை, பூசிச் சரிசெய்யக்கூடியது. 'பழைய அசைவு, இப்போது தொடர்வதாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

சிம்னிதான் உண்மையான தலைவலி. மாடியில் தரைப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள செங்கல், பொதுச்சுவரோடு இருக்கும் பிணைப்பிலும் இரண்டு மரத்துண்டுகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் 90-களில் செய்த வேலை, பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழ் (கட்டட விதிப்படி செய்த வேலை என்பதற்கான சான்று) எதுவும் இல்லை. என் சொலிசிட்டர் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார். அந்தப் பாலிசி, கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்குத்தான், செங்கலைத் தாங்காது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கவுன்சிலைத் தொடர்புகொண்ட பிறகு பொதுவாக அந்தப் பாலிசியைத் தர மாட்டார்கள். எந்த வழி என்று முடிவு செய்யாமல் கவுன்சிலுக்குப் போன் போடாதீர்கள்.

சுவரில் முக்கோண இரும்புத் தாங்கி அடித்தால் போதுமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் தன் பக்கச் சிம்னியை இடித்திருந்ததால் அது ஆகாது, ஸ்டீல் பீம்தான் என்றார் இன்ஜினியர். பொதுச்சுவரில் பீம் ஏறுவதால் 1996 பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு நோட்டீஸ் வேறு. 1985 நவம்பர் 11-க்குப் பிறகு நடந்த வேலை என்றால் கவுன்சிலிடம் ரெகுலரைசேஷன் சான்றிதழ் (முன்பு அனுமதியில்லாமல் செய்த வேலையை முறைப்படுத்துவது) வாங்க முடியும், அந்த வழியும் இருந்தது.

நான் வேலையைச் செய்யவில்லை. இன்ஜினியர் அறிக்கையையும் பில்டர்களின் விலைப்புள்ளிகளையும் சேர்த்து அனுப்பினேன். 11,000 பவுண்ட் குறைப்பில் முடிந்தது. விற்பவரே அவசரமாகப் பழுதுபார்த்தால், மலிவாகச் செய்திருப்பார் என்றுதான் எதிர்த்தரப்பு நினைக்கும்.

ஹரோ அக்கா

தம்பி, உங்களுக்குச் சிமினி, எங்களுக்கு மரம். 2022 யூலையில ஹீத்ரோவில 40 பாகை தாண்டினது நினைவிருக்குமே. லண்டன் களிமண் காய்ஞ்சு சுருங்கினால் வீடும் சேர்ந்து இறங்கும். எங்கட பின் அறை மூலையில விரிசல், பக்கத்து வளவில பெரிய வில்லோ மரம். வாங்க வந்தவையின்ர சர்வேயர் சப்சிடன்ஸ் (நிலம் இறங்கி வீடும் இறங்கிறது) எண்டு சந்தேகப்பட்டு எழுதினார். அவையின்ர வங்கி வலுவேஷனைப் பூச்சியம் எண்டு போட்டிட்டுது. நல்ல சனம்தான், கடன் இல்லாமல் என்ன செய்யிறது, கைவிட்டிட்டினம்.

நாங்கள் இன்சூரன்சுக்கு அறிவிச்சம். அவை உடன வந்து அத்திவாரத்தைக் கிண்டுவினம் எண்டு நினைக்காதேங்கோ. சுவரில அளவு ஆணி அடிச்சு, கிழமைகள் விட்டு வந்து அளந்துகொண்டே இருப்பினம். கோடையில விரிஞ்சு மாரியில மூடினால் மரம்தான் காரணம். ஒரே பக்கமாக் கூடிக்கொண்டு போனால் வேற ஏதோ, அனேகமா உடைஞ்ச வடிகால் குழாய் மண்ணைக் கழுவுது. எங்களுக்குக் கோடையும் மாரியும் வடிவாத் தெரிஞ்சுது. பக்கத்து வீட்டாருக்கு இன்சூரன்ஸ்காரரே கடிதம் போட்டு மரத்தை எடுப்பிச்சினம். அண்டர்பின்னிங் (அத்திவாரத்துக்குக் கீழ பலப்படுத்திற வேலை) வேணும் எண்டு பயந்து கிடந்தம், தேவைப்படேல்லை. கடைசியில ஸ்ட்ரக்சுரல் அடிக்குவசி சேர்டிபிகேட் (வீடு உறுதியா இருக்கு எண்ட சான்றிதழ்) தந்தவை. அதில்லாமல் வித்திருக்க ஏலாது. எங்கட கையால போனது எக்செஸ் (இன்சூரன்ஸில நாங்கள் கட்ட வேண்டிய பங்கு) 1,000 பவுண்ட்தான், ஆனால் ஒரு வருசத்துக்கு மேல வீடு விலைப்படாமல் கிடந்தது. அந்தக் கஷ்டத்தை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறேல்லை.

வாங்கினவை அதே கொம்பனியிலேயே இன்சூரன்ஸைத் தொடர்ந்தவை. புதுக் கொம்பனி தேடினால் சப்சிடன்ஸ் எண்ட சொல்லைக் கேட்டவுடனேயே கதவைச் சாத்துவினம்.

டூட்டிங்தோசை

என் வீட்டை வாங்க வந்தவர் அறிக்கையையே காட்டவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு (ஒப்பந்தம் கைமாறுவது) முந்தின வாரம், கூரை விரிந்து சுவரைத் தள்ளுகிறது, 20,000 குறையுங்கள் என்றார். ஸ்லேட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்ட வீடுதான், எடை கூடும், சந்தேகம் நியாயம். பக்கத்தைக் காட்டுங்கள் என்றேன். காட்டவே இல்லை. நானும் ஒரு பவுண்ட் குறைக்கவில்லை. பேசிய விலைக்கே கையெழுத்துப் போட்டார்! இங்கிலாந்தில் எக்ஸ்சேஞ்ச் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்பதால் நடக்கிற விளையாட்டு இது.

கிளாஸ்கோவிலிருந்து

ஸ்காட்லாந்தில் இந்தக் கூத்து குறைவு. 2008 டிசம்பரிலிருந்து விற்பவரே ஹோம் ரிப்போர்ட் (சர்வே அடங்கிய அறிக்கை) எடுத்துத்தான் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் டெனமென்ட் (பழைய அடுக்குமாடிக் கட்டடம்) ஃபிளாட்டில் பொதுக்கூரைக்கு '3' வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் விலை கேட்டார்கள். விலை குறைந்ததா என்றால் குறைந்ததுதான், ஆனால் பாதியில் யாரும் ஓடவில்லை.

வால்தம்ஸ்டோ புதுசு

ஈஸ்ட்ஹாம் அண்ணா, இப்ப வாங்க வந்தவங்க வேண்டாம்னு போயிட்டா, சர்வேல வந்ததை அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லணுமா? ஏஜென்ட், "கேட்டா பாத்துக்கலாம்"னு சொல்றார்.

ஈஸ்ட்ஹாம்காரன்

ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. வாங்குபவரின் முடிவை மாற்றக்கூடிய விஷயம் தெரிந்திருந்தால் ஏஜென்ட்டே அதை மறைக்கக் கூடாது, சட்டம் அப்படி. சொலிசிட்டர் கொடுக்கும் டிஏ6 படிவத்தில் (வீட்டைப் பற்றிய கேள்விகளுக்கு விற்பவர் பதில் எழுதுவது) நீங்கள் தெரிந்தே பொய் எழுதினால், விற்ற பிறகும் வாங்கியவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இன்ஜினியர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலேயே சொல்லிவிடுவது விற்கவும் சுலபம்.

இன்ஜினியரைப் பிடிக்கும்போதே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அறிக்கையைப் பிற்பாடு வாங்குபவர் பெயருக்கும் மாற்றித் தருவாரா, அதற்கு எவ்வளவு. உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அதில் தவறு வந்தாலும் வாங்குபவர் அவரிடம் போய் நிற்க முடியாது, அதனால் வங்கியும் சில நேரம் ஏற்காது. பழுதுபார்க்கும் கம்பெனி இலவசமாக அனுப்பும் ஆளைக் கூப்பிடாதீர்கள், அவர் தன் கம்பெனிக்கு வேலை பிடிக்க வருபவர்.