தனியார் ஓவியக் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா? ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். காசிமேட்டுப் படகுகளையும் வலை பின்னுகிறவர்களையும் அவள் வரைந்த தாள்கள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. அவளுக்குக் கைத்திறன் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நகரின் தென்பகுதியில் ஒரு தனியார் நிறுவனம் அனிமேஷன், வடிவமைப்புப் படிப்புக்கு ஆண்டுக்கு 4 லட்சம் கேட்கிறது. வேலை உறுதி என்கிறார்கள். சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு எங்கே என்ன சம்பளத்தில் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் பதில் வழுக்குகிறது. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது என்பதையும் எழுத்தில் தர மறுக்கிறார்கள். இது எனக்கு உறுத்துகிறது.

எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. புகழ்பெற்ற கலைஞர்களான ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் நுழைவுத் தேர்வில் வரைந்து காட்ட வேண்டும், இடங்களும் கொஞ்சம்தான். மகளோ கணினி வசதி தனியாரில்தான் நன்றாக இருக்கும் என்கிறாள். அதையும் தள்ளிவிட முடியவில்லை.

எழும்பூர் கல்லூரியில் படித்தவர்கள், அனிமேஷன் ஸ்டூடியோவில் ஆள் எடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பட்டத்தைப் பார்க்கிறீர்களா, படைப்புத் தொகுப்பையா? கடன் வாங்கிப் படித்தவர்கள் தவணையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நுழைவுத் தேர்வுக்கு வடசென்னையில் நல்ல பயிற்சி தருபவர் இருந்தாலும் தெரிவியுங்கள்.