மைனஸ் 20-ல் கிடந்த சீரத்தில் வைட்டமின் பார்க்கலாமா?

கேள்வி
மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் எட்டு மாதமாக இருக்கும் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்). 2 மி.லி. குழாயில் 200 மைக்ரோலிட்டர் வீதம், எதுவும் சேர்க்கவில்லை. நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. இதில் வைட்டமின் ஏ, சி, டி, பி12, ஃபோலேட் பார்த்தால் நம்பலாமா?

பதில் 1
டி-யைத் தைரியமாகப் பாருங்கள். இரத்தத்தில் அளக்கும் வடிவமான 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி சில தடவை உருகி உறைந்தாலும் அசையாது. பி12-ம் தாங்கும். ரெட்டினால் (வைட்டமின் ஏ), வெளிச்சம் படாமல் இருந்திருந்தால் சரி. கூடவே கரோட்டினாய்டும் பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சீரத்தில் வேண்டாம்.

சி-க்கு வாய்ப்பே இல்லை. அமிலம் சேர்க்காத சீரத்தில் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) முதலில் டீஹைட்ரோ அஸ்கார்பிக் ஆகும், பிறகு டைகீட்டோகுலோனிக் ஆகும். முதல் மாற்றத்தை டைதியோத்ரிடால் (DTT) போட்டுத் திருப்பலாம், இரண்டாவதைத் திருப்ப முடியாது. குறைவான எண் வந்தால் அது நோயாளியின் குறைபாடா, ஃப்ரீசரின் கைவரிசையா என்று யாரும் சொல்ல முடியாது.

பதில் 2
கல் மாதிரி இருந்தாலும் மைனஸ் 20-ல் சீரம் முழுக்க உறைவதில்லை. உப்புக்கரைசல் கடைசிச் சொட்டு வரை உறைய மைனஸ் 21.1 வேண்டும். உறையாத அந்தத் துளியில் உப்பும் புரதமும் செறிந்து கிடக்க, வேதிவினை மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் என்றால் இன்னும் மோசம், ஒவ்வொரு சுற்றிலும் சூடேறி இறங்கும்.

மூடியின் உட்புறம் பாருங்கள், வெள்ளைப் பொடியாகப் பனி ஒட்டியிருக்கும். அது உங்கள் சீரத்தின் தண்ணீர்தான். பெரிய குழாயில் 200 மைக்ரோலிட்டர் வைத்ததன் விலை. அப்படியே பிப்பெட்டில் எடுத்தால் எல்லா அளவும் கூடுதலாக வரும். மூடியைத் திறக்காமல் உருக்கி, சிறிது நேரம் சுழற்றிக் கீழே இறக்கி, நுரை வராமல் 8–10 தடவை தலைகீழாகக் கவிழ்த்து எடுங்கள். கவிழ்க்காமல் விட்டால், உருகிய சீரம் மேலே தண்ணீராகவும் அடியில் அடர்மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும்.

பதில் 3
ஃபோலேட்டை யாரும் தொடவில்லை. சேர்மானம் இல்லாமல் எட்டு மாதம் என்றால் குறைந்திருக்கும். சீரம் சிவப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் தப்பு: சிவப்பணுக்களில் ஃபோலேட் பல மடங்கு அதிகம், உடைந்தால் அளவு ஏறிவிடும். அடுத்த முறை 0.5 சதவீதம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துத் தனிக் குழாயில் வையுங்கள். பி12-க்கு அந்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள், அஸ்கார்பிக் அமிலம் அதைச் சிதைக்கும்.

கேட்டவர்
நன்றி. அடுத்த தொகுதியில் சி-க்கு எப்படி எடுப்பது?

பதில் 1
ஹெபாரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது) குழாய், ஐஸில், இருட்டில். உடனே குளிர் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பிளாஸ்மாவுக்குச் சம அளவு 10 சதவீத மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேருங்கள். வெண்மையாகத் திரளும் புரதத்தைச் சுழற்றி நீக்கி, தெளிவை மைனஸ் 70 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். அமிலத்தைப் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்; நாள்பட்டால் ஆர்த்தோபாஸ்பாரிக் ஆகிவிடும். கணக்கில் இரண்டால் பெருக்க மறக்காதீர்கள்.