டிஸ்கோ பேஸ் சவுண்டு வரவில்லை, சனிக்கிழமை ஷோ: அவசர உதவி

செந்தூல்_நாலுகம்பி · திங்கள், இரவு 11.42

வணக்கம் அண்ணன்மாரே. சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு கல்யாண டின்னர் ஷோ. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எழுபதுகளின் டிஸ்கோ என்றால் உயிர். 40 நிமிடம் அதை மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பாட்டெல்லாம் கைக்கு வந்துவிட்டது, சவுண்டுதான் வரவில்லை. பழைய ரெக்கார்டில் பேஸ் கிதாரின் சுரம் உருண்டையாக விழுந்து உடனே அடங்கும். என்னுடையது கணீரென்று இழுத்துக்கொண்டே போகிறது, அடியில் சதையே இல்லை. 500 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவு செய்யலாம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெசர் பெடல் வாங்கவா, பழைய டியூப் ஆம்ப் (வால்வு ஆம்ப்ளிஃபையர்) தேடவா? நாளை மாலை கடைக்குப் போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.

கிள்ளான்_தாளம் · திங்கள், இரவு 11.58

எந்த பேஸ்? எந்தக் கம்பி? வாசிப்பது விரலாலா, பிக்காலா (கம்பியை மீட்டும் சின்னத் தகடு), ஸ்லாப்பா (கட்டை விரலால் அறைவது)? மண்டபத்தில் ஆம்ப் இருக்கிறதா, நேராக மிக்ஸருக்குப் போகிறதா? இது தெரியாமல் எதை வாங்கச் சொல்வது?

பழைய_கம்பி · செவ்வாய், காலை 6.15

பெடலும் வேண்டாம், ஆம்பும் வேண்டாம் தம்பி. கம்பியை மாற்றுங்கள். நீங்கள் போட்டிருப்பது ரவுண்ட்வவுண்ட்டாகத்தான் இருக்கும். அதில் சுற்றியிருப்பது உருண்டை ஒயர், அதனால்தான் அந்தக் கணீர். ஃபிளாட்வவுண்ட்டில் தட்டையான நாடா மாதிரி சுற்றியிருக்கும். தடவினால் வழவழவென்று இருக்கும், விரல் நகரும் கீச்சொலி வராது, மேல் சத்தம் தானாக அடங்கிவிடும். என் ஜாஸ் பேஸில் ஃபிளாட் போட்டு 11 வருடம் ஆகிறது, ஒருமுறைகூட மாற்றியதில்லை. அமெரிக்க மோடவுன் இசை நிறுவனத்தின் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவார். பழகப் பழகத்தான் ஃபிளாட் இனிக்கும்.

ஸ்வர_சுத்தம் · செவ்வாய், காலை 8.02

கம்பி, பெடல், ஆம்ப். யார் வந்து கேட்டாலும் இந்த மூன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். சவுண்டு வலது கையில் இருக்கிறது. ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் பேஸ் வாசிப்பாளர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்து, பிக் பிடித்திருப்பதைப் போல வைத்துக்கொண்டு, விரலாலேயே மேலும் கீழும் அடித்து வாசிப்பார். கீழே வரும்போது நகம் படும், மேலே போகும்போது சதை படும். 1979இல் வந்த 'குட் டைம்ஸ்' பாட்டில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்பதற்கு அந்தக் கைதான் காரணம். இதுகூடத் தெரியாமல் டிஸ்கோ ஷோவை ஒப்புக்கொள்வது சரியில்லை. ஒரு மாதம் ரெக்கார்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிள்ளான்_தாளம் · செவ்வாய், காலை 8.20

அவருக்கு ஒரு மாதம் இல்லை அண்ணே, நாலு நாள்தான் இருக்கிறது.

ஆயர்_ஈத்தாம்_ஆக்டேவ் · செவ்வாய், காலை 9.47

பினாங்கிலிருந்து. தம்பி, "உடனே அடங்கும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது. சுரத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டும். சமையலறை ஸ்பாஞ்சு போதும். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பக்கத்தை உரித்து எறிந்துவிட்டு, மஞ்சள் பகுதியை நாலு கம்பியின் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை (பேஸின் உடம்பில் கம்பியைத் தாங்கும் பாகம்) ஒட்டிக் கம்பிக்கு அடியில் செருகுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்ஜில் நாலு கம்பியும் ஒரே உயரத்தில் இருக்காது, நடுவில் உள்ள இரண்டும் கொஞ்சம் மேலே நிற்கும். சமமாக வெட்டினால் ஈ கம்பியும் ஜி கம்பியும் செத்துப்போகும், ஏ கம்பியும் டி கம்பியும் தப்பித்துக் கணீரென்று பாடும். நடுவில் மேடாக, இரண்டு ஓரத்திலும் சரிவாக வெட்டுங்கள். நான் மூன்று ஸ்பாஞ்சை வீணாக்கிய பிறகுதான் இது பிடிபட்டது. செருகியதும் மறுபடி டியூன் பாருங்கள், அழுத்தத்தில் சுருதி லேசாக ஏறியிருக்கும்.

டிஸ்கோவில் பேஸ் கீழ் சுரத்துக்கும் அதன் ஆக்டேவுக்கும் (ஒரு ஸ்தாயி மேலே உள்ள அதே சுரம்) தாவிக்கொண்டே இருக்கும். கீழ் சுரம் அடங்காமல் இழுத்தால் மேல் சுரம் அதிலேயே மூழ்கிவிடும்.

பழைய_கம்பி · செவ்வாய், காலை 10.30

ஸ்பாஞ்சு சரி. ஜேமர்சனின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலும் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஃபோம் இருந்தது. ஆனால் ஃபிளாட் கம்பி போட்ட பிறகுதான் ஸ்பாஞ்சு.

ஸ்வர_சுத்தம் · செவ்வாய், காலை 10.52

ஜேமர்சன் ஏன் இங்கே வருகிறார்? அவர் மோடவுன், டெட்ராய்ட், அறுபதுகள். கேட்டது டிஸ்கோ. எட்வர்ட்ஸ் அந்தக் காலத்தில் வாசித்தது மியூசிக் மேன் ஸ்டிங்ரே. 1976இல் வந்தது, உள்ளேயே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் சர்க்யூட்) உள்ள பேஸ். ஜேமர்சனின் பழைய மரக்கட்டைச் சத்தம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

பழைய_கம்பி · செவ்வாய், காலை 11.05

மோடவுன் இல்லாமல் டிஸ்கோ எங்கிருந்து வந்தது? ஒருவர் வாசித்த பாட்டைக் கேட்டுத்தான் அடுத்தவர் வாசித்தார். வேரை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் பேச முடியாது.

செந்தூல்_நாலுகம்பி · செவ்வாய், மதியம் 1.10

மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஸ்டிங்ரே மாதிரி செய்த காப்பி பேஸ், ஒரே பெரிய பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்). ரவுண்ட்வவுண்ட் கம்பி, போன வாரம்தான் புதிதாகப் போட்டேன். விரலால்தான் வாசிக்கிறேன். மண்டபத்தில் ஆம்ப் கிடையாது, டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்கு. போன மாதம் வரை இவ்வளவு மோசமாக இல்லை. இப்போது அழுத்தி வாசித்தால் கரகரவென்றும் கேட்கிறது. அதை அடக்கத்தான் கம்ப்ரெசர் கேட்டேன்.

பட்டர்வொர்த்_சால்டர் · செவ்வாய், மதியம் 1.31

நில்லுங்கள். கடைக்குப் போகாதீர்கள். பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து ஜாக்கைப் பிடுங்குகிறீர்களா, அப்படியே சொருகி வைக்கிறீர்களா?

ஆக்டிவ் பேஸில், அதாவது ஸ்டிங்ரே மாதிரி உள்ளே பிரீஆம்ப் இருப்பதில், தனி சுவிட்ச் இருக்காது. ஜாக்கைச் சொருகினால் பேட்டரி ஓட ஆரம்பிக்கும், பிடுங்கினால்தான் நிற்கும். கேபிளோடு மூலையில் சாய்த்து வைத்தால் இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். புது 9 வோல்ட் பேட்டரி மீட்டரில் 9க்கு மேல் காட்டும். 7க்குக் கீழே இறங்கிவிட்டால் பல பிரீஆம்புகளுக்கு மூச்சு முட்டும். பலமான அடி வந்தால் அலையின் மண்டையை வெட்டிவிடும், அதுதான் உங்கள் கரகர. அடித்தளமும் அப்போது கரையும், ஏனென்றால் பேஸில் மிக அதிக சக்தி கேட்பது கீழ் சுரங்கள்தான். கம்ப்ரெசர் வைத்தால் அந்தக் கரகரதான் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கிள்ளான்_தாளம் · செவ்வாய், மதியம் 2.04

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும் தம்பி. சரி, பேட்டரியை மாற்றிய பிறகு: பேஸில் ட்ரெபிள் (மேல் சத்தம்) நாபைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். பேஸ் நாபை ரொம்ப ஏற்றாதீர்கள். திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், கல்யாண மண்டப ஸ்பீக்கர் பலதில் அது ஒழுங்காக வராது. மண்டபத்தில் காதுக்கு பேஸாகப் புரிவது 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான், அங்கேதான் உங்கள் சதை இருக்கிறது. கிக் டிரம் நாலு அடியும் விடாமல் விழும் பாட்டு இது, கிக்குக்கு 60 ஹெர்ட்ஸ் பக்கம் இடம் விடுங்கள்.

மிக்ஸரிலேயே கம்ப்ரெசர் இருந்தால் அடக்கும் விகிதம் 4:1, அட்டாக் (அது பிடிக்க எடுக்கும் நேரம்) 20 அல்லது 30 மில்லி செகண்ட். வேகமாக வைத்தால் விரல் படும் அந்த முதல் தட்டு செத்துவிடும். மீட்டர் 4, 5 டிபி இறங்கினால் போதும். பெடல் வாங்க வேண்டியதில்லை.

ஸ்வர_சுத்தம் · செவ்வாய், மதியம் 3.15

பேட்டரி என்பது பழுது, சவுண்டு இல்லை. பழுது பார்த்ததும் அவர் மறுபடி வருவார், பாருங்கள். நான் சொன்ன கை வராமல் எந்த எண்ணும் உதவாது.

பழைய_கம்பி · செவ்வாய், மதியம் 3.40

கை கை என்கிறீர்கள். புது ரவுண்ட்வவுண்ட்டில் எந்தக் கையால் வாசித்தாலும் மணி அடிக்கும். ஸ்டிங்ரே என்றால் ஃபோமே தேவையில்லை என்று நினைக்கிறீர்களா?

ஆயர்_ஈத்தாம்_ஆக்டேவ் · செவ்வாய், மாலை 4.22

அண்ணன்மாரே, இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஆரம்ப கால ஸ்டிங்ரேயைப் பார்த்திருக்கிறீர்களா? பிரிட்ஜிலேயே ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக மியூட் இருக்கும், ஏற்றலாம் இறக்கலாம். ஃபெண்டர் தன் பேஸ்களில் மூடிக்கு அடியில் ஃபோம் வைத்தது, மியூசிக் மேன் அதையே வேறு விதமாகச் செய்தது. பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டரே ஸ்டிங்ரேயிலும் கை வைத்தவர். ஆகவே மோடவுனா டிஸ்கோவா என்று அடித்துக்கொள்ள வேண்டாம், சுரத்தை அடக்க இரண்டு பேஸிலும் வழி வைத்திருந்தார்கள்.

கையும் முக்கியம்தான், ஸ்வர_சுத்தம் அண்ணன் சொல்வது உண்மை. ஆனால் தம்பியைத் திட்டாமல் சொல்லலாம். தம்பி, பிக்கப்புக்கு மேலேயே விரலை வைத்து வாசிக்காமல், ஒரு அங்குலம் கழுத்துப் பக்கம் தள்ளி வாசித்துப் பாருங்கள். சத்தம் உடனே உருண்டையாகும். அப்புறம் இடது கையை ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் லேசாகத் தளர்த்துங்கள். கம்பியை விட்டுவிடக் கூடாது, அழுத்தத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

பட்டர்வொர்த்_சால்டர் · செவ்வாய், மாலை 4.50

பேட்டரி வாங்கும்போது ஆல்கலைன் கேளுங்கள். பழைய கார்பன் வகை சீக்கிரம் இறங்கிவிடும். ஷோ அன்றைக்குப் பெட்டியில் இன்னொன்று இருக்கட்டும்.

ஸ்வர_சுத்தம் · செவ்வாய், இரவு 9.18

திட்டவில்லை. மேடையில் வெறும் சத்தமாக வாசித்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து வந்த வருத்தம். தம்பி, ஒரு பாட்டை மட்டும் எடுத்து மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒவ்வொரு சுரமும் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். எங்கே தொடங்குகிறது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள், முடிவைப் பார்ப்பவர் குறைவு.

கிள்ளான்_தாளம் · வெள்ளி, மாலை 6.40

தம்பி, என்ன ஆச்சு? பேட்டரிதானா?

செந்தூல்_நாலுகம்பி · ஞாயிறு, காலை 11.25

பேட்டரிதான். மீட்டரில் 6.4 காட்டியது. கேபிளைப் பிடுங்காமலே வைத்திருந்தேன், மூன்று வாரம் இருக்கும். மாற்றியதும் கரகர போய்விட்டது. ஸ்பாஞ்சு இரண்டாவது வெட்டில் சரியாக வந்தது. கழுத்துப் பக்கம் தள்ளி வாசித்தேன். மாப்பிள்ளையின் அப்பா கடைசி மூன்று பாட்டுக்கு மேடைக்கு முன்னாலேயே நின்று ஆடினார். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்வர_சுத்தம் அண்ணே, மெட்ரோனோம் 60 தினமும் செய்கிறேன், கஷ்டமாக இருக்கிறது.

500 வெள்ளி அப்படியே இருக்கிறது. ஃபிளாட்வவுண்ட் ஒரு செட் வாங்கலாம் என்று பார்க்கிறேன். எந்த கேஜ் (கம்பியின் தடிமன்) நல்லது?

பழைய_கம்பி · ஞாயிறு, காலை 11.31

நல்ல முடிவு தம்பி. பேஸின் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 34 இன்ச்சா, 30 இன்ச் ஷார்ட் ஸ்கேலா? கம்பியை பிரிட்ஜில் மாட்டுகிறீர்களா, பேஸின் உடம்புக்குப் பின்னாலிருந்து கோக்கிறீர்களா? இரண்டையும் சொன்னால்தான் கேஜ் சொல்ல முடியும்.