மழைக்காலத்துல கிட்டார் டாப் உப்பி ஆக்‌ஷன் ஏறிடுச்சு, ட்ரஸ் ராடைத் திருப்பலாமா?

ஆறுகம்பி (கேள்வி):
சென்னை, கடற்கரைப் பக்கம் வீடு. சாலிட் ஸ்ப்ரூஸ் டாப் (முன்பக்க மரப்பலகை) அக்கூஸ்டிக், 12-53 கம்பி (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல முதல், ஆறாவது கம்பியோட தடிமன்). அக்டோபர் கடைசியிலேர்ந்து, கழுத்துல பதிச்ச ஃப்ரெட் பட்டைக்கு மேல கம்பி நிக்கற உயரம், அதாவது ஆக்‌ஷன் ஏறிக்கிட்டே போகுது. 12வது ஃப்ரெட்ல ஆறாவது கம்பி 3.4 மி.மீ., முதல் கம்பி 2.6. ஜூன்ல இது 2.5, 1.8ஆ இருந்துச்சு. பிரிட்ஜுக்கு (டாப் மேல கம்பியைப் பிடிச்சிருக்கற கட்டை) பின்னாடி டாப் உப்பியிருக்கு, சத்தமும் அடைச்ச மாதிரி வருது. சுவத்துல மாட்டி வெச்சிருக்கேன், ராத்திரி மட்டும் ஏசி ஓடும். ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள இருக்கற உலோகத் தண்டு) இறுக்கினா சரியாகுமா? கேஸ்ல பத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டா போதுமா?

தேக்குமரம்:
ட்ரஸ் ராடை இப்பத் தொடாதீங்க. அது கழுத்தோட வளைவை மட்டும்தான் மாத்தும். நீங்க சொல்றதைப் பார்த்தா பிரச்சினை பாடியில இருக்கு.

முதல்ல கழுத்தைப் பார்த்துடுங்க. முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கற கிளிப்) போட்டு, ஆறாவது கம்பியை 14வது ஃப்ரெட்ல அழுத்துங்க. 7வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல 0.15 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தா கழுத்து நல்லாத்தான் இருக்கு. அப்படி இருக்கறப்ப ராடை இறுக்கினா கழுத்து பின்பக்கம் வளையும், முதல் நாலஞ்சு ஃப்ரெட்ல கம்பி உரசி இரைய ஆரம்பிச்சுடும்.

மரம் ஈரத்தை உறிஞ்சினா ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், ரேகை ஓடுற திசையில அனேகமா அசையாது. டாப்பைச் சுத்தி ஓரமெல்லாம் ஒட்டியிருக்கு, விரிய இடமில்லை, அதனால மேல எழும்புது. பிரிட்ஜும், அதுமேல கம்பி உட்கார்ற சேடிலும் கூடவே ஏறுது. 12-53 செட் முழுசா ட்யூன்ல இருக்கறப்ப 70 கிலோவுக்கு மேல இழுக்கும், அந்த இழுப்பு உப்பலை இன்னும் கூட்டும்.

சேடிலைத் தேய்க்கறதும் வேண்டாம். கோடையில டாப் இறங்கினதும் தேய்ச்ச சேடில் தாழ்ந்துபோய், புதுசு வாங்க வேண்டி வரும்.

இன்னிக்கே ஒண்ணு பாருங்க. ஒரு ரசீதுத் தாளை பிரிட்ஜோட பின் ஓரத்துல நுழைச்சுப் பாருங்க. நுழையலைன்னா பயமில்லை. உள்ள போச்சுன்னா பசை விட ஆரம்பிச்சிருக்கு. கம்பியை முழுசாத் தளர்த்திட்டு, ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுத்துடுங்க.

உப்புக்காத்து:
பொட்டலக் கணக்கு நான் சொல்றேன். கேஸ்ல இருக்கற காத்துல ஈரம் ரெண்டு மூணு கிராம்தான். மிச்சமெல்லாம் மரத்துக்குள்ள இருக்கு. 80% ஈரப்பதத்துல ரொம்ப நாள் இருந்த மரம் தன் எடையில சுமார் 16% தண்ணி பிடிச்சு வெச்சிருக்கும், 50%ல சுமார் 9%. கிட்டார்ல மரம் ஒன்றரை கிலோன்னு வெச்சாலும் 100 கிராம் தண்ணி வெளிய வரணும். 5 கிராம் பொட்டலம் ஒண்ணு குடிக்கறது ஒரு கிராம் அளவுதான். பத்துப் பொட்டலத்தால ஆகாது.

250 கிராம் பை ரெண்டு வாங்குங்க, ஆரஞ்சு மணி. ஈரம் ஏறினா பச்சையாகும். நீல மணியில கோபால்ட் இருக்கு, அது வேண்டாம். ஒரு பையைத் தலைப்பகுதிக்குக் கீழயும், இன்னொண்ணைக் கழுத்து பாடியில சேர்ற இடத்துக்குப் பக்கத்துலயும் வெச்சு கேஸை மூடிடுங்க. பச்சையானா மணியைத் தட்டுல பரப்பி, ஓவன்ல 110 டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சா பழைய நிறத்துக்கு வந்துடும்.

அவசரப்படாதீங்க, ரெண்டு மூணு வாரம் ஆகும். கேஸ் உள்ள 50% வந்ததும் ஒரு பையை எடுத்துடுங்க. 40%க்குக் கீழ போச்சுன்னா டாப் சுருங்கும், ஃப்ரெட் முனை கையைக் கீறும், அப்புறம் விரிசல் விடும். உப்பின டாப் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், விரிசல் தானா மூடாது.

ஆறுகம்பி:
தாள் நுழையலை, கழுத்து 0.2 மி.மீ. மலிவு டிஜிட்டல் ஈரப்பதமானி ஒண்ணு இருக்கு, அறையில பகல்ல 74, ஏசி ஓடறப்ப 49 காட்டுது. நம்பலாமா? அரிசி போட்டு வைக்கச் சொல்றாங்களே?

தேக்குமரம்:
சோதிச்சுப் பார்க்காம நம்பாதீங்க. பாட்டில் மூடியில கல்லுப்புத் தூள் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணி விடுங்க. கரைஞ்சு தெளியக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் கவர்ல போட்டு ஒரு ராத்திரி விடுங்க. உள்ள 75% இருக்கும். மீட்டர் 69 காட்டினா, அந்த 6ஐ எப்பவும் கூட்டிக்கணும்.

பகலும் ராத்திரியும் இப்படி ஏறி இறங்கறதுதான் கிட்டாருக்குக் கெடுதல். மழையில நனையற வெளிச்சுவர்னா இன்னும் மோசம். வாசிக்காத நேரமெல்லாம் கெட்டிக் கேஸ்ல, கொக்கி போட்டு வையுங்க. அந்த ஏத்த இறக்கம் உள்ள மெதுவாத்தான் போகும்.

அரிசி வேண்டாம். ஏற்கெனவே 12, 13% ஈரத்தோடதான் கடையிலேர்ந்து வருது, உறிஞ்ச அதுல இடம் கம்மி. தவிடும் வண்டும் வேற சேரும்.

உப்புக்காத்து:
ஈரம் கூடினா உறிஞ்சி, குறைஞ்சா வெளிய விட்டு, ரெண்டு பக்கமும் வேலை செய்யற 49% பாக்கெட் வாங்கறதா இருந்தா, சிலிக்கா வேலையை முடிச்சு கேஸ் 50%க்கு வந்தப்புறம் போடுங்க. நனைஞ்ச கிட்டாரோட முதல்லயே போட்டா சீக்கிரமே உப்பி வீணாயிடும். ரெண்டையும் சேர்த்தும் வைக்காதீங்க, பாக்கெட்ல இருக்கற தண்ணியை சிலிக்கா குடிச்சுடும்.

ஏசி அறையிலேர்ந்து வெளியில கச்சேரிக்கு எடுத்துட்டுப் போனா, கேஸை உடனே திறக்காதீங்க. குளிர்ந்த கம்பி மேல ஈரம் படிஞ்சு துரு ஏறும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும். வெயில்ல நிக்கற கார்லயும் விட்டுட்டுப் போகாதீங்க. கண்ணாடி மூடின கார் 60 டிகிரியைத் தாண்டும், பிரிட்ஜ் ஒட்டற பசை அந்தச் சூட்டுல இளக ஆரம்பிக்கும்.

மூணு வாரம் கழிச்சு 12வது ஃப்ரெட் அளவை மறுபடி எடுத்துப் போடுங்க. ஆறாவது கம்பி 2.8க்குக் கீழ வரலைன்னா அப்ப சேடிலைப் பத்திப் பேசலாம்.