புதுப்பிப்பு: ஊட்டியிலும் ஓட்டம் நிற்கவில்லை

சென்னையில் தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், பத்து நாள் வேலையாக ஊட்டி போனால் பழக்கம் விட்டுப்போகுமோ என்று போன மாதம் கேட்டிருந்தேன். "தூரத்தைப் பார்க்காதீங்க, நேரத்தைப் பாருங்க" என்றார் ஒருவர். அதுதான் காப்பாற்றியது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. முதல் நாள் ஏரிப் பக்கம் வழக்கமான வேகத்தில் கிளம்பி, பத்தே நிமிஷத்தில் நெஞ்சு படபடக்க நின்றுவிட்டேன். மறுநாளிலிருந்து இருபது நிமிஷம் மட்டும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், மேடு வந்தால் நடை. (காதை மூடும் குல்லா கட்டாயம் வேண்டும்.) ஆறாம் நாள் மூச்சு பழகிவிட்டது. மழையால் இரண்டு நாள் போனது, எட்டு நாள் ஓடினேன். சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி!