சீகன்பால்கு ஹாலேக்காரராம்! கேட்டீர்களா?

பொறையாறான்:
நேற்று இன்னொரு குழுவில் ஒரு பதிவு பார்த்தேன். எழுதியவர் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் குடியிருக்கிறாராம். "ஹாலே மண் பெற்றெடுத்த மூன்று மைந்தர்கள்: இசைமேதை ஹாண்டல், கல்வித் தந்தை பிராங்கே, தமிழை அச்சேற்றிய சீகன்பால்கு" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக இதயம், கைதட்டல். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு பிறந்தது புல்ஸ்னிட்ஸ். வருஷம் 1682. டிரெஸ்டனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். தரங்கம்பாடிப் பக்கம் ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகூட இதைச் சொல்லும். ஜெர்மனியிலேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை.

சாலேக்கரை:
அந்தப் பதிவு என்னுடையதுதான். நானும் இந்தக் களத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தேதானே இழை திறந்தீர்கள்? பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

அவர் 1703இல் இங்கே வந்து பிராங்கேயிடம் படித்தார். தமிழ் எழுத்துகளை இங்கே வார்த்துத்தான் 1713இல் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானதும் இங்கே, பிராங்கேயின் அனாதை இல்ல அச்சகத்தில். லத்தீனில் விளக்கம், நடுவே நம் எழுத்து. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களை 1710 முதல் தொகுத்து அச்சிட்டு ஐரோப்பா முழுக்கப் படிக்க வைத்ததும் இந்த ஊர்தான். இதற்கு மேல் ஒரு ஊர் ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும்?

பொறையாறான்:
பெற்றிருக்க வேண்டும். புல்ஸ்னிட்ஸ் பெற்றது.

அப்புறம், படித்தார் படித்தார் என்கிறீர்களே, எவ்வளவு நாள்? உடம்பு முடியாமல் ஒரு வருஷத்துக்குள் கிளம்பிவிட்டார். பாதிரிப் பட்டம் கொடுத்தது கோபன்ஹேகன். கப்பல் ஏற்றியது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1719இல், 36 வயதில், அங்கேயே மண்ணுக்குள் போனார். இதில் ஹாலே எங்கே வருகிறது?

சாலேக்கரை:
பிறந்த ஊர்தான் கணக்கு என்றால் பிராங்கேயே ல்யூபெக்கில் பிறந்தவர். அவரையும் ஹாலேயிலிருந்து எடுத்துவிடலாமா? 1695இல் உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷனை வைத்துக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். இன்றைக்கும் அந்தக் கட்டட வரிசை நிற்கிறது. பிராங்கே இல்லாத ஹாலேயை இங்கே யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பொறையாறான்:
தாராளமாக எடுத்துவிடுங்கள். மூன்று மைந்தரில் இரண்டு பேர் கழன்றாயிற்று. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது, நன்றி.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிராங்கே அந்த இல்லத்தைக் கட்டியது கிளவுகாவில். மதுக்கடைகளுக்குப் பேர்போன இடம். அந்தக் காலத்தில் அது ஹாலே கிடையாது, மதிலுக்கு வெளியே தனி ஊர். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்குவாத்தி:
மூன்று பேர் பட்டியலில் கியோர்க் கான்டர் இல்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? 1869இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 1918இல் அங்கேயே இறந்தார். மெய்யெண்களை எண்ணி முடிக்கவே முடியாது, ஒரு முடிவிலியைவிட இன்னொரு முடிவிலி பெரிது என்று நிறுவியது இந்த ஊரில் வாழ்ந்த காலத்தில்தான். பெர்லினுக்குப் போக ஆசைப்பட்டார், விடவில்லை. ஹாலே என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

பொறையாறான்:
பிறந்தது?

கணக்குவாத்தி:
செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொறையாறான்:
சம்பந்தம் அதுதான்.

முத்துக்குளி:
நீங்கள் இரண்டு பேரும் பிறந்த ஊர் தேடுங்கள். "தமிழை அச்சேற்றிய சீகன்பால்கு" என்று ஒரு வரி கிடக்கிறதே, அதை அப்படியே விட்டுவிடுவீர்களா? தமிழ் அச்சேறியது 1578இல், கொல்லத்தில், தம்பிரான் வணக்கம். செய்தவர் கத்தோலிக்கப் பாதிரியார் அன்ட்ரிக் அடிகளார். முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்தவர். சீகன்பால்குவின் தாத்தாவே அப்போது பிறந்திருப்பாரோ என்னவோ.

லுத்தரன்காரர்கள் எப்போதும் இப்படித்தான். தரங்கம்பாடிக்கு முன்னால் தமிழ்நாட்டில் எதுவுமே நடக்காத மாதிரி எழுதுவார்கள்.

பொறையாறான்:
ஐயா, நானும் லுத்தரன்தான், நான் அப்படி எழுதினேனா? எழுதியவர் சாலேக்கரை. என்மேல் பாயாதீர்கள். ஆனால் ஒன்று, உங்கள் 16 பக்க ஜெபப் புத்தகமும் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட முழுப் புதிய ஏற்பாடும் ஒன்றாகிவிடாது.

முத்துக்குளி:
வந்துவிட்டது பாருங்கள். இப்போது பக்கக் கணக்கா? போன வருஷம் வீரமாமுனிவர் இழையில் சதுரகராதி பற்றிக் கேட்டதும் பாதியில் காணாமல் போனவர் நீங்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அப்புறம் சாலேக்கரை, ஹாலே வார்த்து அனுப்பிய எழுத்து எவ்வளவு பெரிசு என்று உங்கள் பதிவில் எழுதினீர்களா? காகிதத்தைத் தின்று தீர்த்துவிட்டது. கடைசியில் தரங்கம்பாடிக்காரர்கள் லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். ஹாலேயின் உபகாரம் அவ்வளவுதான்.

பொறையாறான்:
திருத்தம். தரங்கம்பாடிக்காரர்கள் இல்லை, பொறையாறு. எழுத்து வார்த்த பட்டறை எங்கள் ஊரில் இருந்தது. காகித ஆலையும் எங்கள் ஊரில்தான். இதை எத்தனை இழையில் எழுதிவிட்டேன். ஆக, எழுத்து பொறையாறு, ஆள் புல்ஸ்னிட்ஸ். ஹாலேக்கு மிச்சம் பாலாடைக்கட்டிகூட இல்லை, அதுவும் இங்கிலாந்து.

சாலேக்கரை:
பொறையாற்றில் அந்த ஈயத்தை உருக்கியது யார்? ஆட்லர். அவரை அனுப்பியது யார்? ஹாலே. சொல்லுங்கள் இப்போது.

பொறையாறான்:
ஆட்லர் எங்கே பிறந்தார்?

சாலேக்கரை:
உங்களுக்கு வேறு கேள்வியே தெரியாதா?

நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். அனாதை இல்லத்தின் மேல்மாடியில் ஓர் அரும்பொருள் அறை இருக்கிறது. உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்கும். சுற்றிலும் ஓவியம் தீட்டிய அலமாரிகள், உள்ளே உலகம் முழுக்க இருந்து வந்த சங்கு, பாம்பு, பொம்மை. நம் பக்கத்துப் பொருள்களும் அதில் உண்டு. கீழே இறங்கி 1728இல் முடிந்த நூலகத்துக்குப் போனால் புத்தக அடுக்குகள் நாடக மேடைத் திரைபோல இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். தமிழ் ஓலைச்சுவடிகள் அந்த வளாகத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. 300 வருஷம் ஒரு பூச்சி அரிக்காமல் காத்த ஊர் இது. நம் ஊரில் எத்தனை சுவடி ஆற்றில் போனது என்று கணக்கு எடுப்போமா?

பொறையாறான்:
காத்த கதையை நானும் சொல்கிறேன். தென்னிந்திய தெய்வங்களின் வமிசாவளி என்று 1713இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். நம் சாமிகளைப் பற்றி, ஐயனார், மாரியம்மன் வரைக்கும், ஊர் மக்களிடம் கேட்டு எழுதியது. உங்கள் பிராங்கே என்ன செய்தார்? உங்களை அனுப்பியது இதற்கா என்று ஓரமாக வைத்துவிட்டார். அச்சானது எப்போது தெரியுமா? 1867. எங்கே? ஹாலேயிலா? மதராஸில்! பூச்சி அரிக்காமல் காத்தார்களாம். மனுஷர் யாரும் படிக்காமலும் காத்தார்கள்.

நூலகப்பூனை:
இது நல்ல அடி. ஹாலே பக்திமான்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியர் 1721இல் சீனர்களின் அறநெறியைப் புகழ்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் உரை நிகழ்த்தினார். அவ்வளவுதான், பிராங்கே தரப்பு விடவில்லை. 1723இல் 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போ, இல்லாவிட்டால் தூக்கு என்று அரசரின் ஆணை வந்தது. 1740இல் புது அரசர் வந்ததும் மரியாதையோடு திரும்பி வந்தார்.

போகட்டும், உங்கள் மூவர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே? டொரோதியா எர்க்ஸ்லேபன் 1754இல் ஹாலேயில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்தவர். இன்றைய கானா பகுதியிலிருந்து வந்த ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோவும் 1727இல் அங்கேதான் மாணவராகச் சேர்ந்தார், பிறகு தத்துவம் கற்பித்தார்.

பொறையாறான்:
அம்மா, அந்த டாக்டர் பிறந்த ஊர்?

நூலகப்பூனை:
க்வெட்லின்பர்க். ஆமோவுக்கும் கேட்பீர்களா, கானா என்று எழுதியே விட்டேனே!

பொறையாறான்:
அப்போ இரண்டு பேரும் இல்லை. நான் நியாயமாகத்தான் பேசுகிறேன், ஆண் பெண் பேதம் பார்க்கவில்லை.

சாலேக்கரை:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஹாண்டல் 1685இல் ஹாலேயில் பிறந்தார். சந்தைச் சதுக்கத் தேவாலயத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த வெண்கலத் தொட்டி இன்றும் இருக்கிறது, கைநீட்டித் தொடும் தூரம். ஆனால் 1703இல் ஊரை விட்டுப் போனார், ஹாம்பர்க், இத்தாலி, கடைசியில் லண்டன். 1727இல் இங்கிலாந்துக் குடிமகன் ஆனார். புதைத்தது வெஸ்ட்மின்ஸ்டரில். அவர் ஹாலேக்காரரா இல்லையா?

பொறையாறான்:
ஹாலேக்காரர். பிறந்தாரே.

சாலேக்கரை:
அப்படியானால் பதினெட்டு வயதில் விட்டுப்போய் லண்டனில் வாழ்ந்து செத்தவர் ஹாலேக்காரர், முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே உழைத்துச் செத்த பிராங்கே ஹாலேக்காரர் இல்லை. உங்கள் நியாயம் அபாரம்.

பொறையாறான்:
நியாயம் என்னுடையது இல்லை. "பெற்றெடுத்த" என்று எழுதியது நீங்கள். நான் எழுதியதை நான் காப்பாற்றுகிறேன், நீங்கள் எழுதியதை நீங்கள் காப்பாற்றுங்கள்.

கணக்குவாத்தி:
கான்டருக்கு யாராவது பதில் சொல்வீர்களா?

முத்துக்குளி:
சதுரகராதிக்கு முதலில் சொல்லட்டும். வீரமாமுனிவரைப் பற்றிக் கேட்டால் உங்கள் ஆட்களுக்கு வாய் அடைத்துப் போகும். அவர் லுத்தேரினத்தியல்பு எழுதிக் கொடுத்த சூடு இன்னும் ஆறவில்லை போல.

பொறையாறான்:
சூடு எங்களுக்கா? அந்த நூலை எழுத வைத்ததே தரங்கம்பாடி அச்சகம்தானே. எதிரில் ஆள் இல்லாமல் யாராவது கண்டனம் எழுதுவார்களா?

நூலகப்பூனை:
சீகன்பால்குவோடு ஐரோப்பாவுக்குப் போன மலையப்பன் என்ற தமிழரை இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. ஹாலேயில் அந்த இலக்கணம் அச்சாகும்போது பக்கத்தில் தமிழ் தெரிந்த ஆள் அவர்தான். அவரைப் பற்றி யாராவது படித்திருந்தால் எழுதுங்களேன்.

பொறையாறான்:
நல்லவேளை, அவரையும் ஹாலே மண் பெற்றெடுத்தது என்று சாலேக்கரை இன்னும் எழுதவில்லை.

நெறியாளர்:
இழை ஹாலே நகரத்தைப் பற்றியது. கத்தோலிக்கர், லுத்தரன் சண்டைக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். சதுரகராதியும் அங்கே.

முத்துக்குளி:
இழை திறந்தவர் லுத்தரன், நெறியாளரும் அந்தப் பக்கம். நடக்கட்டும்.

நெறியாளர்:
நான் எந்தப் பக்கமும் இல்லை. நான் சைவம்.

சாலேக்கரை:
நான் விலகவில்லை. அடுத்த வாரம் ஹாலேயின் உப்பைப் பற்றி எழுதப் போகிறேன். 806இலேயே ஏட்டில் ஏறிய ஊர், அதற்கும் முன்னாலிருந்து உப்பு காய்ச்சிய ஊர். உப்புக் காய்ச்சியவர்களுக்கு ஹாலோரன் என்று பெயர், அவர்கள் பெயரில் இப்போது சாக்லேட் உருண்டையே விற்கிறது. அதற்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

பொறையாறான்:
எழுதுங்கள், வருகிறேன். அதற்கு முன் ஆட்லர் கேள்வி பாக்கி இருக்கிறது.