அறுபத்தொரு டாலர் வாடகைப் பணம்

(பெரிய வீடு குழு, ஞாயிறு இரவு 8:10)

பாசடீனா அண்ணன்: [படம்]
காலை நடையில் எடுத்தது. எங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளி. வாஷிங்டன் பெயரில் இருந்தது, 2022-இல் ஆக்டேவியா பட்லர் என்று மாற்றிவிட்டார்கள். இங்கேயே படித்தவராம்.

பெரியப்பா: யார் இந்தம்மா? கவர்னரா?

பாசடீனா அண்ணன்: கதை எழுதினவர் பெரியப்பா. அறிவியல் புனைகதை. 1947-இல் இதே ஊரில் பிறந்தார்.

பெரியப்பா: ராக்கெட், வேற்றுக்கிரகவாசி, அதுதானே? எனக்கு அதெல்லாம் ஏறாது.

சித்தி: கேஸ் சிலிண்டர் யார் புக் பண்ணியது? ஓடிபி என் போனுக்கு வந்திருக்கிறது.

நான்: நான்தான் சித்தி, தனியாக அனுப்புங்கள்.
பெரியப்பா, இவருடைய கின்ட்ரெட் நாவலில் ராக்கெட்டே கிடையாது. 1976-இல் கலிஃபோர்னியாவில் இருக்கிற ஒரு கறுப்பினப் பெண், திடீரென்று நாட்டின் மறுகோடியில், அடிமைக் காலத்து மேரிலாந்தில் போய் விழுகிறாள். எப்படிப் போனாள் என்று கடைசி வரை சொல்வதில்லை. அங்கே ஒரு பண்ணை முதலாளியின் பையனை இவள் திரும்பத் திரும்பக் காப்பாற்ற வேண்டும். அவன் இவளுக்கே மூதாதை. அவன் செத்தால் இவள் வம்சமே இல்லை.

பெரியப்பா: இது கொஞ்சம் ஏறுகிறது.

பாசடீனா அண்ணன்: அதன் விதை வீட்டிலேயே இருந்திருக்கிறது. அப்பா ஷூ பாலிஷ் போடுகிறவர், இவர் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு வீட்டுவேலை. வேலை செய்கிற வீட்டில் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கூடப் போன குழந்தை அதைப் பார்த்திருக்கிறது. காதுபட மட்டமாகப் பேசினாலும் அம்மா கேட்காத மாதிரியே வேலையைப் பார்ப்பாராம். குழந்தைக்கு அம்மா மேல்தான் கோபம் வந்திருக்கிறது. அந்தப் பொறுமையில்தான் தன் சாப்பாடு இருந்தது என்று பிற்பாடுதான் உறைத்தது.

நான்: கல்லூரியில் கூடப் படித்த ஒரு பையனும், நம்மை இப்படி அடங்க வைத்த பழைய தலைமுறை மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் என்கிற மாதிரி பேசினானாம். அவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி எழுத ஆரம்பித்ததுதான் கின்ட்ரெட். 1979-இல் வந்தது. எழுதுவதற்கு முன் கிரேஹவுண்ட் பஸ்ஸில் மேரிலாந்து வரை போயிருக்கிறார். முதல் அதிபர் வாஷிங்டன் வாழ்ந்த மவுன்ட் வெர்னன் பண்ணையையும் பார்த்தார். அங்கே வழிகாட்டிகள் அடிமைகள் என்ற சொல்லையே எடுக்கவில்லையாம், வேலைக்காரர்கள் என்றுதான் சொன்னார்களாம்.

பெரியப்பா: அவ்வளவு தூரம் பஸ்ஸிலா?

பாசடீனா அண்ணன்: கார் ஓட்டியதே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார் இல்லாமல் காலம் தள்ளுவது என்றால் எங்களைக் கேளுங்கள்.

சித்தி: படிப்பில் எப்படி?

பாசடீனா அண்ணன்: டிஸ்லெக்சியா. படிப்பதே மெதுவாகத்தான். ஆனால் 10 வயதில் டைப்ரைட்டர் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். 12 வயதில் டிவியில் செவ்வாய்க் கிரகத்துப் பெண் ஒருத்தி பூமிக்கு வருகிற படம் ஓடியது. அத்தனை மோசமான படம். இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று உட்கார்ந்தவர்தான்.

தங்கச்சி: 2021-இல் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயில் இறங்கிய இடத்துக்கு நாசா இவர் பெயரைத்தான் வைத்தது!!

சித்தி: நீ இன்னும் படிக்கவில்லையா? நாளைக்குக் கணக்குப் பரீட்சை. கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கக் கதை எழுதி வைத்திருக்கிறாள், எல்லாரும் கேளுங்கள்.

தங்கச்சி: அம்மா!!!

நான்: எழுத்தாளர் ஆகப் போகிறேன் என்று பட்லர் சொன்னதும், நம் ஆட்கள் எழுத்தாளர் ஆக முடியாதுடி கண்ணே என்றாராம் அவர் வீட்டு ஆன்ட்டி.

சித்தி: ஆன்ட்டி என்றால் சித்தியா, அத்தையா?

நான்: அதற்குத்தான் அங்கே தனித்தனிச் சொல் கிடையாதே. தப்பித்தீர்கள்.

பெரியப்பா: அம்மா என்ன சொன்னார்?

பாசடீனா அண்ணன்: மகளின் கதைகளை விற்றுத் தருவான் என்று நம்பி, ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒரு ஆளுக்கு அம்மா 61 டாலர் 20 சென்ட் கட்டினார். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம்.

பெரியப்பா: அடடா.

பாசடீனா அண்ணன்: 1970-இல் கிளாரியன் என்கிற அறிவியல் புனைகதை எழுத்துப் பட்டறைக்குப் போனபோது இரண்டு கதை விற்றது. அதற்கப்புறம் ஐந்து வருடம் ஒன்றுமே போகவில்லை. பாத்திரம் கழுவினார், போனில் சாமான் விற்றார், சிப்ஸ் கம்பெனியில் சிப்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலைகூடப் பார்த்தார். எழுதுவது விடியற்காலை 2 மணிக்கு எழுந்து. முதல் நாவல் வர 1976 ஆகிவிட்டது.

சித்தி: எங்கள் வீட்டிலும் 2 மணி வரை முழித்திருக்கிறார்கள், போனில்.

நான்: அப்புறம் அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதுகள், ஹ்யூகோ, நெபுலா எல்லாம் வாங்கினார். 1995-இல் மெக்ஆர்தர் உதவித்தொகை, 2,95,000 டாலர். அறிவியல் புனைகதைக்காரர்களில் அதை வாங்கிய முதல் ஆள். 1988-இல் ஒரு நோட்டில் தனக்குத் தானே எழுதி வைத்தது ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது: என் புத்தகங்கள் பெஸ்ட்செல்லர் பட்டியலில் வரும், எனக்கும் அம்மாவுக்கும் நல்ல வைத்தியம் பார்ப்பேன், வேண்டும்போதெல்லாம் வாடகைக் கார் எடுப்பேன்.

பெரியப்பா: வந்ததா பட்டியலில்?

நான்: 2006-இல் 58 வயதில் இறந்துவிட்டார். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் வந்தது 2020-இல்.

பாசடீனா அண்ணன்: வந்தது பேரபிள் ஆஃப் த சோயர் நாவல். 1993-இல் எழுதினது, கதை நடப்பது 2024-இல் தொடங்கி. மழை இல்லை, தெருவுக்கு மதில், எங்கே பார்த்தாலும் தீ. 2025 பிப்ரவரி 1 தேதியிட்ட டைரிக் குறிப்பில் ஒரு தீ விபத்து வரும். அதே வருடம் ஜனவரியில்தான் இங்கே நிஜக் காட்டுத்தீ வந்து நாங்கள் பாஸ்போர்ட்டையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்தத் தீயில் எரிந்த பக்கத்து ஊர் ஆல்டடீனாவில்தான்.

பெரியப்பா: ஜோசியம் தெரியுமோ?

பாசடீனா அண்ணன்: இல்லவே இல்லை என்பார். கண்டுகொள்ளாமல் விட்ட பிரச்சினைகளை எடுத்து, வளர முப்பது வருடம் கொடுத்தேன், அவ்வளவுதான் என்றிருக்கிறார்.

அத்தை: இப்போதுதான் எல்லாம் படித்தேன். அந்த 61 டாலரை அவன் திருப்பிக் கொடுத்தானா?

பாசடீனா அண்ணன்: அவனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார், அத்தை.

அத்தை: பாவி.